சிறுசு ஒன்று, பெருசு ஒன்று

ஜூன் 3

என் வாலு,

நரைத்த மீசைக்குச் சாயம் பூசுகிற ஆளை இன்னும் வாலு என்று கூப்பிடுகிறாளே என்று உன் வீட்டுக்காரி சிரிப்பாள். சிரிக்கட்டும். எனக்கு வேறு பெயர் வாயில் வருவதில்லை.

போனில் பேசலாமே என்பாய். போனில் நான் அழ ஆரம்பித்ததும் உனக்கு சிக்னல் போய்விடுகிறது. காகிதத்தில் சிக்னல் போகாது. அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி.

வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். அதே கம்பெனி, அதே காலர் தைக்கிற லைன். நேற்று சூப்பர்வைசர் என் மெஷின் பக்கத்தில் வந்து ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்து, “இது என்னம்மா, காலரா, நாய் நாக்கா? ஒரு பக்கம் தொங்குது” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கக்கூஸ் பக்கம் போய் அழுதேன். அங்கே நின்ற ஒருத்தி, “அழுது முடிச்சிட்டு வழி விடுக்கா, எனக்கு அவசரம்” என்றாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பாப்பாவின் முகம் நழுவுகிறது.

பெற்றவள் இப்படி எழுதலாமா என்று நினைக்காதே. கல்யாண வீடு கல்யாண வீடாகப் போய் ஊரார் முகத்தையெல்லாம் படம் எடுத்தவள், தன் முகத்தை எங்கேயும் வைத்துவிட்டுப் போகவில்லை. வேன் கவிழ்ந்த அன்றைக்கு அவள் போனும் நசுங்கிப்போயிற்று. இருப்பது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதில் வாயை இறுக்க மூடிக்கொண்டு போலீஸ்காரனைப் பார்ப்பது போல முறைக்கிறாள். சின்னப் பிள்ளையில் எடுத்தது இருக்கிறது. அது எட்டு வயசுக் குழந்தை. நான் பறிகொடுத்தது இருபத்திரண்டு வயசுப் பெண்ணை.

போன வாரம் பல் விளக்கும்போது திடீரென்று தோன்றியது, அவளுக்குத் தெத்துப்பல் எந்தப் பக்கம்? வலப்பக்கம் என்று நினைத்தால் அப்படியே சிரிக்கிறாள். இடப்பக்கம் என்று நினைத்தால் அதற்கும் சிரிக்கிறாள். யாரையாவது கேட்கலாம். பெற்றவளுக்கே தெரியவில்லையா என்பார்கள். வாயில் நுரையோடு அப்படியே நின்றேன்.

அப்புறம்தான் அந்தப் படம் ஞாபகம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மெஷினில் உட்கார்ந்து திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் பீரோ. கேமராவோடு எதிரே வந்து நின்றாள்.

“அம்மா, நிமிராத. அப்படியே தை.”

“சீ, தலைகூட வாரல. போடி அந்தப் பக்கம்.”

எடுத்துவிட்டாள். எடுத்ததைக் கேமராவின் முதுகில் காட்டினாள். நான் தைக்கிறேன். எனக்குப் பின்னால் பீரோக் கண்ணாடியில் அவள் நிற்கிறாள், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. “கேமராவக் கண்ணுல வெச்சா என் மூஞ்சி மறைஞ்சிடும்னு நெஞ்சுக்கு எறக்கிட்டேன். ஒரே படத்துல ரெண்டு பேரும். இனிமே ‘என் பொண்ண எடுக்க ஆளில்ல’ன்னு மூக்கால அழாத. பெருசாப் போட்டுத் தரேன், கொஞ்சம் பொறு” என்றாள்.

பொறுத்தேன்.

கேமராவும் கார்டும் உன்னிடம்தான் இருக்கின்றன. இங்கே சுவரெல்லாம் ஈரம், லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்று நீ எடுத்துப் போனது நல்லதுதான். அந்தப் படத்தைத் தேடி, பெரிதாகப் பிரிண்ட் போட்டு அனுப்பு. பெரிது என்றால், அவள் முகம் மட்டும் என் உள்ளங்கை அளவு வர வேண்டும். கண்ணாடியில் வலம் இடம் மாறும் என்று எனக்குத் தெரியும். அதை நான் மாற்றி நினைத்துக்கொள்கிறேன்.

வேறொன்றும் கேட்கவில்லை.

உன் அக்கா

* * *

ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே ஒரே அலைச்சல். வீடு பார்க்க வருகிறவர்கள் ஊரில் உள்ள வீட்டையெல்லாம் பார்த்துவிட்டு, குழாயைத் திறந்து மூடிவிட்டு, “யோசிச்சுச் சொல்றோம்” என்று போய்விடுகிறார்கள். தரகன் பிழைப்பு செருப்புக்குத்தான் தெரியும்.

நீ கேட்ட படம் கிடைத்தது. இதோடு வைத்திருக்கிறேன். சின்னதாக இருக்கிறதே என்று கோபப்படாதே. இதற்கு மேல் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது. பிரிண்ட் கடைக்காரரும் முயற்சி செய்தார். “படத்துலயே சரக்கு இல்ல சார்” என்றார்.

காரணம் என்னவென்றால், பாப்பா கேமராவில் சின்ன சைஸ் வைத்து எடுத்திருக்கிறாள். அதில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று உண்டு. சிறியது வைத்தால் கார்டில் நிறையப் படம் பிடிக்கும். அந்த ஆசையில் வைத்திருப்பாள். பின்னால் தேவைப்படும் என்று யோசிக்கிற வயசா அது? நான் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

அக்கா, ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். படத்தை மாட்டி அதன் எதிரே உட்கார்ந்துவிடாதே. காற்றோட்டமாக நாலு பேரோடு பழகு. இங்கே வந்து பத்து நாள் இரு. பிள்ளைகளும் அத்தை எப்போ வருவாங்க என்று கேட்கிறார்கள்.

உன் தம்பி

* * *

ஜூன் 27

வாலு,

நீ அனுப்பியதைப் படம் என்று சொல்ல முடியாது. தீப்பெட்டியின் மேலே ஒட்டலாம். நான் ஒரு பொம்மை போல உட்கார்ந்திருக்கிறேன். பாப்பாவின் முகம் ஒரு பயறு அளவு. வாய் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. கம்பெனியில் துணியின் இழை எண்ணுகிற கண்ணாடியைச் சூப்பர்வைசரிடம் கெஞ்சி வாங்கி, வைத்துப் பார்த்தேன். கண்ணாடி வைத்ததும் கட்டங்கள்தான் பெரிதாயின. அவள் பெரிதாகவில்லை.

சரி, பிள்ளை தெரியாமல் செய்துவிட்டாள் என்று முதலில் நானும் நம்பினேன். அவள் மேல் கோபம்கூட வந்தது. செத்துப்போன பிள்ளையை, “ஏன்டி இப்படிச் செஞ்ச” என்று திட்டினேன். அதையும் என்னைச் செய்ய வைத்தாய்.

மனசு கேட்கவில்லை. அவள் வேலை பார்த்த ஸ்டுடியோவுக்குப் போனேன். அவள் முதலாளிக்கு இன்னும் வலது கை தூக்க வரவில்லை. வேனில் முன்சீட்டில் இருந்தவர். என்னைப் பார்த்தால் எப்போதும் உள்ளே போய்விடுவார், இந்த முறை விடவில்லை. படத்தை மேஜையில் வைத்தேன்.

“யாரும்மா சொன்னது அவ சின்ன சைஸ்ல எடுத்தான்னு?”

“என் தம்பி.”

“தம்பி என்ன வேலை?”

“வீட்டுத் தரகர்.”

“ம்.” படத்தை இடது கையால் எடுத்துப் பார்த்தார். “ஒரு தடவ பட்டன அமுக்குனா அவ கேமராவுல ரெண்டு ஃபைல் விழும்மா. ஒன்னு சிறுசு, ஜேபெக். அது சும்மா உடனே பாக்க, யாருக்காச்சும் காட்ட. இன்னொன்னு பெருசு, ரா. கேமரா பாத்தது எல்லாம் அதுலதான் இருக்கும். நான் திட்டுவேன், ‘ஏன்டி எடத்த அடைக்கிற, ஒன்னு போதாதா’ன்னு. ‘சிறுசு இப்பத்திக்கு, பெருசு பின்னாடிக்குண்ணா’ம்பா. சொன்னா கேக்க மாட்டா.”

பின்னாடிக்கு. கேட்டாயா? யோசிக்கிற வயசா என்று எழுதியிருந்தாயே.

அவர் இன்னும் என்னென்னவோ சொன்னார். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ரா என்பது கட்டிங் டேபிளில் விரித்த முழுத்துணி. ஜேபெக் என்பது வெட்டித் தைத்த சட்டை. மிச்சத் துண்டெல்லாம் குப்பைக்குப் போயாச்சு. அதிலும் சின்ன ஜேபெக் தொட்டில் பிள்ளையின் சட்டை. தொட்டில் பிள்ளையின் சட்டையைப் பிரித்து ஆளுக்குத் தைக்க முடியுமா? துணி இருந்தால் தைக்கலாம்.

துணி கார்டில் இருக்கிறது. நீ திறந்து பார்த்தது சட்டையை. அந்தப் பெரிய ஃபைல் உன் கம்ப்யூட்டரில் திறக்காதாம், அதற்கு வேறு ஏதோ போட வேண்டுமாம். நீ ஒன்றும் செய்ய வேண்டாம். கார்டை அப்படியே கழற்றி அனுப்பு. மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

அவளைப் பற்றி எழுதியதைத் திருப்பி எடுத்துக்கொள்.

அக்கா

* * *

ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நாலு தாள் கிழித்துவிட்டேன்.

பெரிய ஃபைல் எதுவும் கார்டில் இல்லை. நான் அழித்துவிட்டேன். நீ கடிதம் எழுதுவதற்கு வெகு நாள் முன்பே நடந்துவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு அப்புறம் திட்டு. வீடுகளைப் படம் எடுத்துக் காட்டினால்தான் இப்போது ஆள் வருகிறது. போனில் எடுத்தால் மங்கல். “இது ஹாலா, கிடங்கா?” என்று கேட்கிறார்கள். வீட்டில் கேமரா சும்மா கிடக்கிறதே என்று எடுத்தேன். தெளிவாக இருக்கட்டும் என்று பெரிய சைஸ் வைத்தேன். ரெண்டு வீடு எடுப்பதற்குள் கார்டு நிரம்பிவிட்டது. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். பாதி ஃபைல் திறந்தது, பாதி திறக்கவில்லை. திறக்காததுதான் இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டு கிடந்தது. வேன் கவிழ்ந்ததில் கார்டு அடிபட்டு அந்த ஃபைல்கள் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். திறந்ததையெல்லாம் ஒன்று விடாமல் காப்பி எடுத்து வைத்தேன் அக்கா. ஒன்றுகூட விடவில்லை. கெட்டதைத்தான் தூக்கினேன். தெரிந்தா செய்தேன்?

பாப்பா மேல் போட்டு எழுதியது தப்பு. உன் கடிதத்தைப் படித்ததும் கடைக்காரரிடம் கேட்டேன், அவர் பெரிய ஃபைல் இருக்குமே என்றார். நான் அழித்தது எது என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த பயத்தில் எழுதினேன்.

ஆனால் நீயும் ஒன்றை மறந்துவிட்டாய். பூஞ்சை பிடிக்கும் என்று நான் எடுத்துப் போனதாக எழுதியிருக்கிறாய். பூஞ்சை பேச்சு அப்புறம் வந்தது. முதலில் சாவு வீட்டில் நீதான் கேமராவைத் தூக்கி என் மடியில் போட்டாய். வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். “என் புள்ளையக் காப்பாத்தத் துப்பில்ல, இதக் கீறல் படாமக் காப்பாத்திக் கொண்டாந்திருக்கானுங்க. எடுத்துட்டுப் போடா இந்தச் சனியன, என் கண்ணுல படக் கூடாது” என்று கத்தினாய். அவள் அந்தக் கேமராப் பையைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தாள் என்று யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டுக் கத்தினாய். உள்ளே என்ன இருக்கிறது, எதைத் தொடக் கூடாது என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு வழி இருக்கிறது. இங்கே ஒரு ஆள் கம்ப்யூட்டரிலேயே முகம் வரைகிறான். அடையாள அட்டைப் படத்தைக் கொடுத்தால் போதும். கொஞ்சம் நிறம் ஏற்றி, சிரிப்பு வைத்து, பல்லை வரிசையாகப் போட்டு, நீ கேட்கிற அளவுக்குப் பெரிதாகத் தருகிறேன் என்கிறான். பார்த்தால் நிஜப் படம் மாதிரியே இருக்கும். சரி என்று ஒரு வார்த்தை எழுது, போடச் சொல்கிறேன். செலவு என்னுடையது.

உன் தம்பி

* * *

ஜூலை 16

கேமராவையும் கார்டையும் அனுப்பு. அழித்ததை மீட்க முடியுமாம், அதற்கு மேல் வேறு படம் எடுக்காமல் இருந்திருந்தால். இன்றே அனுப்பு. வேறு எதுவும் எழுதாதே.

* * *

ஜூலை 24

அக்காவுக்கு,

இந்தப் பார்சலில் கேமரா, கார்டு, சார்ஜர், அவள் பை எல்லாம் இருக்கின்றன. பையின் சின்ன அறையில் அவளுடைய தலைமுடிக் கிளிப் ஒன்று இருந்தது. அதை எடுக்கவில்லை, அப்படியே இருக்கிறது.

எழுதாதே என்றாய், ஆனாலும் எழுதுகிறேன். நான் அதற்கு மேல் படம் எடுத்திருக்கிறேன். நிறைய. பிழைப்பு அக்கா. என்ன செய்யச் சொல்கிறாய்?

எனக்கும் அவள் பிள்ளைதான். நடக்கத் தெரியாத வயசில் என் தோளில்தான் ஊரைப் பார்த்தாள். நீ வேலைக்குப் போய்விடுவாய், நான்தான் சோறு ஊட்டினேன். அதை நீ ஒரு வரியில்கூட எழுதவில்லை.

தம்பி

* * *

ஆகஸ்ட் 8

வாலு,

பார்சல் வந்தது. கிளிப்பில் ஒரு முடி இருக்கிறது. அதை நான் இன்னும் எடுக்கவில்லை.

கார்டை ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனேன். ஸ்டுடியோக்காரர் இடது கையால் ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி வேலை பார்த்தார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முதலில் வந்தவை எல்லாம் நீ எடுத்தவை. சமையலறை, மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி, குளியலறை. வரிசையாகக் குளியலறை. எல்லாம் பெரிய சைஸ். டைலுக்கும் டைலுக்கும் நடுவில் இருக்கிற அழுக்கு தெரிகிறது. குழாயில் தொங்குகிற சொட்டு தெரிகிறது.

ஒன்றில் நீயே இருக்கிறாய். குளியலறைக் கண்ணாடியில், கேமராவை நெஞ்சுக்கு இறக்கிப் பிடித்துக்கொண்டு. எங்கே பிடிக்க வேண்டும் என்று உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? ஸ்டுடியோக்காரர் தெரியாமல் பெரிதாக்கிவிட்டார். உன் முகம் அந்தத் திரை முழுக்க வந்தது. உடையவே இல்லை. மீசையில் சாயம் படாமல் விட்டுப்போன நரைமுடி தெரிந்தது. காதோரம் சவரம் செய்த கீறல் தெரிந்தது. உன் பல் ஒவ்வொன்றும் எந்த இடத்தில் இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியும்.

“மூடுங்க” என்றேன். “சாரிம்மா” என்று மூடினார்.

உன் குளியலறைகள் எந்த இடத்தில் விழுந்தனவோ, அந்த இடத்தில்தான் அவள் படங்கள் இருந்தனவாம். ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் கீழே இருப்பது போயிற்று. அவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை முயற்சி செய்தார். என் படம் கிடைத்தது. கிடைத்தது என்றால், மேல்பக்கம் கொஞ்சம். ஒரு படம் மேலிருந்து கீழாகத்தான் அடுக்கி இருக்குமாம். நம் கூரை இருக்கிறது. பீரோவின் தலை இருக்கிறது. கண்ணாடியில் அவள் முடி இருக்கிறது, வகிடு, நெற்றி. முடியில் இந்தக் கிளிப். அவ்வளவு தெளிவு, கிளிப்பின் பல்லைக்கூட எண்ணலாம். அவள் சொன்னது சரிதான், பெருசு பெருசுதான்.

புருவத்துக்கு மேலே ஒரு கோடு போட்டது போல நிற்கிறது. அதற்குக் கீழே ஒரே சாம்பல் நிறம். கண் இல்லை. வாய் இல்லை. நான் மொத்தமாகவே இல்லை.

“கீழ கொஞ்சம் இருக்குமா பாருங்கண்ணா” என்று கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

நீ சொன்னது உண்மை. நான்தான் தூக்கி உன் மடியில் போட்டேன். சனியன் என்றுதான் சொன்னேன். அன்றைக்கு நான் என் செருப்பைக்கூடத் தூக்கிப் போட்டிருப்பேன். கண்ணில் படக் கூடாது என்று சொன்னேன். அழித்துவிடு என்று சொன்னேனா?

நீ கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் எனக்குச் சுலபம். திறக்கிறதெல்லாம் நல்லது, திறக்காததெல்லாம் குப்பை என்று நினைக்கிற ஆள். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குச் சாவி யாரிடம் என்று நாளெல்லாம் தேடி அலைகிறவன், இதற்கு மட்டும் யாரையும் கேட்கவில்லை.

உன் ஆள் வரைகிற முகம் வேண்டாம். அவன் போடுகிற வரிசைப் பல்லோடு சிரிக்கிறவள் எவளோ ஒருத்தி. அவளை என் வீட்டுச் சுவரில் மாட்ட மாட்டேன்.

கிளம்பும் முன் ஸ்டுடியோக்காரரிடம் ஒன்று கேட்டேன். அழிப்பது என்றால் எப்படி, கை பட்டால் அழிந்துவிடுமா என்று. தற்செயலாக நடந்தது என்று அவர் வாயால் கேட்டுவிட்டால் கொஞ்சம் தூங்கலாம் என்று ஆசை. அவர் தேவையில்லாத ஒரு ஃபைலை வைத்துச் செய்து காட்டினார். திரையில் சின்னதாக ஒரு பெட்டி வந்து நின்றது.

“என்ன சொல்லுது?”

“‘நிரந்தரமா அழிச்சிடவா’ன்னு கேக்குதும்மா.”

“பதில் சொல்லலன்னா?”

“சொல்ற வரைக்கும் அப்படியே நிக்கும்.”

நாங்கள் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அது நின்றது. வெளியே யாரோ பாஸ்போர்ட் படம் எடுக்க வந்து கூப்பிட்டார்கள், அவர் எழுந்து போய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். அப்போதும் நின்றது.

உன்னையும் அது கேட்டிருக்கும். நீ ஒரு போன் போடுகிற நேரம் மட்டும் இல்லை, இங்கே வந்து என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற வரைக்கும்கூட நின்றிருக்கும்.

தோளில் தூக்கினேன், சோறு ஊட்டினேன் என்று எழுதியிருந்தாய். நான் எழுதவில்லை என்று குறைப்பட்டாய். இப்போது எழுதுகிறேன். நீதான் ஊட்டினாய். ஒவ்வொரு வாய்க்கும் அவள் சிரித்தால்தான் அடுத்த வாய் என்று விளையாடுவாய். பத்து வயசில் பால்பல் விழுந்து அந்த இடத்தில் பல் கோணலாக முளைத்தபோது, முதலில் பார்த்துச் சொன்னவனும் நீதான். எனக்குத்தான் மறந்துபோயிற்று. பெற்றவள் வெட்கத்தை விட்டு உன்னைக் கேட்கிறேன். அடையாள அட்டையைப் பார்க்காதே, அதில் வாய் மூடியிருக்கிறது. நீ அனுப்பிய தீப்பெட்டிப் படத்தைப் பார்க்காதே, அதில் வெறும் புள்ளி. உன் வீட்டுக்காரியைக் கேட்காதே. கண்ணை மூடிக்கொண்டு சொல்.

நம் பாப்பாவுக்குத் தெத்துப்பல் எந்தப் பக்கம், வாலு?